உறை பிரிக்காத கணினிகள்

சமுதாயக் கல்லூரியின் புது அறையில் கணினிகள் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வரிசையாக நிற்கின்றன. சன்னல் வெயில் அவற்றின்மேல் பட்டு ஆசிரியை ரோவேனாவின் கண்ணைக் கூசவைக்கிறது. தூசி படியுமாம், மாதக்கணக்காக இந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அவளுடைய மாணவிகள் அட்டையில் எழுத்துகளை வரைந்து, அதில் தட்டித்தான் தட்டச்சு பழகினார்கள். இன்று மேயர் வந்திருக்கிறார், அதனால் சாவியும் வந்துவிட்டது. ரிப்பன் வெட்டியாயிற்று. மேசையில் விருந்தினருக்குப் பொரித்த லும்பியாச் சுருள்கள் ஆறிக்கொண்டிருக்கின்றன. "எல்லாரும் கீபோர்டு மேல கை வைங்க," என்கிறார் படமெடுப்பவர், கணினிகள்முன் உட்காரவைத்த மாணவிகளிடம். சந்தையில் மீன் விற்கும் நெனித்தாவின் விரல்கள் வைத்ததோடு நிற்கவில்லை. அட்டையில் பழகிய வேலை விண்ணப்பத்தை உறைமேலேயே அடித்துக்கொண்டு போகின்றன. பிளாஸ்டிக் சரசரக்கிறது. திரை இருட்டாகவே இருக்கிறது. "என்னா வேகம் பாருங்க," என்று மேயர் கை தட்டுகிறார். நெனித்தா நிமிர்கிறாள். "நான் அடிச்சது எங்க சார் இருக்கு?" எல்லோரும் சிரிக்கிறார்கள். "உறையில கை படாம எந்திரிங்க, அடுத்த வாரம் கவர்னர் வர்றாரு," என்கிறார் கல்லூரி முதல்வர். ரோவேனாவுக்கு உச்சந்தலை வரை எரிகிறது. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் தட்டில் கிடக்கிறது. அதை எடுத்து நெனித்தாவின் கணினி உறையில் குத்திக் கிழிக்கிறாள். "கொஞ்சம் நகருங்கக்கா, பிளக்கைச் சொருகணும்."