நாற்பதாவது நிமிடம்

காதுக்குள் குரல் பேசிக்கொண்டிருந்தது. அவள் தட்டத் தட்ட அது எழுத்து எழுத்தாக வாசித்தது.

மணி கேட்டாள்.

"பத்து முப்பத்தொன்று" என்றது குரல்.

இன்னும் ஒன்பது நிமிடம்.

பார்வையில்லாத பூங்கோதைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தேர்வு. நான் சொல்ல ஒருவர் எழுத வேண்டாம், கணினியில் நானே எழுதுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிய அனுமதி.

பள்ளியில் இருந்தது விலையுயர்ந்த ஒரு மென்பொருளின் சோதனைப் பிரதி. திரையில் உள்ளதை நாற்பது நிமிடம் வாசிக்கும். அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். தேர்வில் அணைக்கக் கூடாது.

மூன்று வருடம் அந்தச் சனியனோடுதான் மாரடித்தாள்.

கணினி ஆசிரியர் எபனேசர் மாதக்கணக்கில் மன்றாடி, நேற்றுச் சாயங்காலம்தான் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றினார். இதற்குக் கெடுவே கிடையாது என்றார். தலைமையாசிரியை அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

"ஓசியில வந்தது பிள்ளைய நட்டாத்துல விட்டுறப் போவுது சார்."

அரை மணி நேரம் பழகுவதற்குள் கரண்ட் போய்விட்டது. நாற்பதைத் தாண்டிப் பேசுமா என்று பார்க்கவே முடியவில்லை.

பத்து முப்பத்தாறு.

வெளியே வராந்தாவில் எபனேசர் சாரின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. பாவம், அவருக்கும் பயம்.

விரல்கள் பறந்தன. பத்து மதிப்பெண் கேள்விக்கு நாலு வரி. அடுத்ததற்கும் நாலு வரி. நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க எப்போதும் அப்படித்தான். 'இன்னும் விரிவாக எழுது' என்று திருத்தாத ஆசிரியர் கிடையாது. இவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

அவளும்தான்.

பத்து முப்பத்தொன்பது. கடைசி வரி. முற்றுப்புள்ளி.

கையை எடுத்துவிட்டாள். குரலும் நின்றது.

ஐயோ!

தட்டாததால் நின்றதா, செத்தே போனதா? தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மனசுக்குள் நூறு வரை எண்ணினாள். ஒரு விசையைத் தட்டினாள்.

"க" என்றது குரல்.

மணி கேட்டாள்.

"பத்து நாற்பத்திரண்டு."

மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னது. சலிக்காமல் சொன்னது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ், பரீட்சை எப்ப முடியும்?"

மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை சிரித்தார். "ஒரு மணி வரைக்கும் இருக்கும்மா. எழுது."

அவள் முதல் நெடுவினாவுக்குப் போனாள். நாலு வரியையும் அழித்தாள்.