ஒரே பெயர், ஒரே தேதி

வேலை நேரத்தில் போனும் கையுமாக இருப்பவரை எந்த மேலாளருக்குத்தான் பிடிக்கும்?

தாய்-சேய் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த அவளுக்கு 'வானொலி' என்றே பெயர் விழுந்துவிட்டது. புரோகிராம் எழுத வேண்டியவள், காதில் போனை ஒட்டவைத்துக்கொண்டு, "பால் குடிக்குதா? ராத்திரி தூங்க விடுதா?" என்று நாள் முழுக்க யார் யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கொடுத்ததோ சின்ன வேலை. தடுப்பூசி நாளை நினைவூட்டும் மெசேஜ் சில வீடுகளுக்கு இரண்டிரண்டாகப் போகிறது என்று புகார். டேட்டாபேஸைப் பார்த்தால் ஒரே குழந்தை இரண்டு முறை ஏறியிருந்தது. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே போன் நம்பர். ஒன்றை விட்டு மற்றதை அழிக்க டேட்டாபேஸுக்கு ஒரு வரிக் கட்டளை, ஒரு எஸ்க்யூஎல் க்வெரி போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வாரம் ஒன்று ஓடிவிட்டது. ஒரு பதிவுகூட அழியவில்லை.

பொறுத்துப் பார்த்த மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"க்வெரி எழுத வரலைன்னா சொல்லிடுங்கம்மா. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"முதல் நாளே எழுதிட்டேன் சார். ஓடவிடத்தான் பயமா இருக்கு."

பிறந்த அன்றே யார் பெயர் வைக்கிறார்கள்? அம்மாவின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'குழந்தை' என்று பதிந்துவிடுவார்கள். இரட்டையர் என்றால் இரண்டு பதிவிலும் அச்சு மாறாமல் அதேதான். பிறந்த நேரம் இருந்தாலாவது பிரித்துப் பார்க்கலாம். பழைய சாஃப்ட்வேரிலிருந்து மாற்றியபோது, தேதியை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

எது தவறுதலாக ஏறியது, எது நிஜமாகவே இன்னொரு குழந்தை? கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பெற்றவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு அம்மாவாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள்.

மேலாளருக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அந்த க்வெரியை ஓடவிட்டிருந்தால், எத்தனை பிள்ளைகளுக்கு எந்த ஊசி போட்டது, எது பாக்கி என்ற விவரமே இல்லாமல் போயிருக்கும்! அவர் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே ஓடவிட்டிருப்பார். அதை அவர் மறைக்கவில்லை.

"நான் இவ்வளவு தூரம் யோசிச்சிருக்க மாட்டேம்மா. மீதி நம்பர்ல பாதியை எனக்கு அனுப்புங்க, நானும் பேசறேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"எடுத்ததும் 'உங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்களா'ன்னு கேட்டுடாதீங்க சார். 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு சும்மா பேச்சுக் கொடுங்க. அவங்களே சொல்லட்டும்."

"ஏன்?"

முதல் அழைப்பிலேயே ஒரு அம்மாவிடம் அவள் அப்படி நேராகக் கேட்டுவிட்டாளாம். பிறந்தது இரண்டு பையன்கள். வீடு வந்து சேர்ந்தது ஒருவன்தான். போனவனுக்கும் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஊசிக்கும் தவறாமல் மெசேஜ் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மேலாளரின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த ஒரு பதிவையாவது உடனே அழிச்சிடுங்கம்மா."

"மெசேஜை அன்னிக்கே நிறுத்திட்டேன் சார். பதிவை மட்டும் தொடலை. வீட்டுல அவன் பேச்சையே யாரும் எடுக்கிறதில்லையாம். 'உங்க கம்ப்யூட்டர்லயாவது அவங்க ரெண்டு பேராவே இருக்கட்டும்மா'ன்னு கேட்டுக்கிட்டாங்க."