ராப்பா என்றால்

காய்ச்சல் விட்டுவிட்டது.

அவள் மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றி, கழுத்து, அக்குள். நான்கு நாளாகத் தோசைக்கல் மாதிரி கொதித்த பிள்ளை. ஏழு வயசு பெயூலா இப்போது கண்ணை மட்டும் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

"தோத்திரம்" என்றார் அவள் புருஷன். மனுஷன் நான்கு நாளாக உபவாசம், பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை.

இந்த வீட்டுக்குள் மாத்திரை நுழைந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

முன்னறைதான் சபை, அவர்தான் போதகர். சுவரில் அவரே நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார். யெகோவா ராப்பா. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. ராப்பா என்றால் எபிரேயுவில் சுகமாக்குகிறவர், தம்பி. அவரை வீட்டில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவது, சொந்தக் கிணறு இருக்கப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பது மாதிரி. வந்தவர் தலையை ஆட்டிவிட்டு, ரீடிங்கைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

பதினொரு மணிக்குள் சபையார் முப்பது பேரும் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்தோத்திர ஆராதனை. பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு முன்னால் உட்கார வை என்றார்.

கவுன் போடும்போதுதான் அவள் பார்த்தாள்.

முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள்.

வேர்க்குரு என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர நம்பவில்லை. காலையிலிருந்து பிள்ளை ஒன்றுக்கும் போகவில்லை. வயிறு வலிக்கிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

பின்வாசலில் ஆள் சத்தம். கொசு மருந்து ஊற்ற வருகிற பஞ்சாயத்துப் பெண், தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குக் காச்ச எப்படி இருக்குக்கா?"

"விட்டுட்டு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்தாள்.

"யக்கா, இது டெங்குக் காலம். காச்ச விட்ட பொறவுதான் ஆபத்தே. கை கால் சில்லுன்னு ஆச்சுன்னா ஒரு நிமிசம் வச்சுக்கிட்டு இருக்காதிய. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

உள்ளே கைத்தட்டல் தொடங்கியிருந்தது.

இத்தனை பேர் முன்னால் அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஒன்பது வருஷப் பிரசங்கமும் பொய்யாகிவிடும்.

சொல்லாவிட்டால்?

சபைக்குள் ஓடிப் போய், முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

அவர் மைக்கைப் பிடித்திருந்தார். "பாப்பா, எந்திச்சு நின்னு சபைக்குச் சொல்லு. ராப்பான்னா என்ன அர்த்தம்?"

பெயூலா எழுந்தாள். எழுந்தவள் நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"சுகமாக்குறவரு" என்றாள். "அப்பா, குளிருது."

முப்பது பேரின் மூச்சில் அறை வெந்துகொண்டிருந்தது. அல்லேலூயா என்று சபை ஆர்ப்பரித்தது.

அவர் ஆர்ப்பரிக்கவில்லை. குனிந்து மகளின் காலைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை.

அவள் பிள்ளையின் கையைத் திருப்பி, புள்ளிகளைக் காட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றார் மைக்கில். குரல் நடுங்கியது. ஆவியானவர் இறங்குகிறார் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். "நான் ஆமென் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் திறக்கப்படாது."

அத்தனை கண்களும் மூடின.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பின்வாசலைப் பார்த்தார்.

அவள் பிள்ளையைத் தூக்கினாள்.

சந்து முனை வரைக்கும் ஸ்பீக்கர் கேட்டது. ஜெபம் முடிகிற மாதிரி இல்லை. செருப்புப் போட மறந்திருந்தாள். தோளில் பெயூலாவின் தலை பாரமாய்ச் சாய்ந்திருந்தது.

"அப்பா மட்டும் கண்ண மூடலம்மா" என்றாள் பிள்ளை.

அதற்குப் பிறகு அது ஒன்றும் பேசவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டு இன்னும் இரண்டு தெரு தள்ளி இருந்தது.