தனியாக ஒரு புள்ளி

எங்கள் அம்மன் கோயில் புற்றில் கறையான்களோடு எள்ளைவிடச் சிறிய மரவட்டை ஒன்று குடியிருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை மயிர். அதை ஆராயத் தேடி வந்த ரெஜினா மேடம், அது அகப்பட்ட ஊர்களையெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்திருந்தார்.

"இத்தனூண்டு பூச்சி இவ்வளவு தூரம் எப்படிப் போச்சுன்னே தெரியலண்ணே."

வெளியூரில் குடியேறும் எங்கள் சனம் இந்தப் புற்றிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோய்த்தான் அங்கே அம்மனுக்குப் பீடம் போடும். "இது பெரியப்பா மக்க. இது எங்க அத்த வீடு." உறங்கும் குழந்தைகளின் நெற்றிப் பொட்டைத் தொடுவதுபோல் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டேன். கடலோரத்தில் தனியாக ஒன்று இருந்தது. அங்கே எங்கள் ஆட்கள் யாருமில்லை.

"இது யாரு வீடு மேடம்?"

"ஒரு அக்கா வீடு. கொல்லையில புத்து, மஞ்சள் பூசி வச்சிருந்தாங்க. சொந்த ஊரு எதுன்னு கேட்டேன். சிரிச்சாங்க, சொல்லல."

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் கட்டிப் போன என் தங்கை வேலம்மாளுக்குப் பிடிமண் கிடையாது என்று, அப்பா அன்றே கோயிலைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

என் விரலுக்கடியில் அந்தப் புள்ளி மெல்ல ஊர்ந்தது.