ஏகமனதாக

“நிர்வாகத் தேர்தலுக்கு இந்த முறையும் ஒரு பட்டியல்தான் வந்திருக்கு. எதிர்ப்பு இருக்கோ?”

பதினான்காவது வருடமாகத் தலைவர் கேட்டார்.

இராஜதுரை எழுந்தார்.

லா சப்பல் தமிழ் மன்றத்தின் நிலவறை மண்டபத்தில் தலைகள் திரும்பின. முப்பது வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிய மனிதர். கேட்டபோது கை தூக்குவார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். வாய் திறந்ததில்லை.

“ரெண்டாவது பட்டியல் குடுக்க வந்த பிள்ளையைக் கலைச்சுப்போட்டு எங்களிட்டை எதிர்ப்புக் கேக்கிறியளோ? அவளை நீக்கச் சொன்னது ஆர்? பேரைச் சொல்லுங்கோ!”

கோசலையைத்தான் சொன்னார். போன வருடம் தலைவருக்கு எதிராகப் பட்டியல் கொடுக்க வந்தவள். ஒற்றுமையைக் குலைக்கிறாள் என்று மன்றத்தை விட்டே நீக்கினார்கள். பெரியவர்களுக்கு அவள் இங்கே நடத்திய எழுத்து வகுப்பும் அன்றோடு சரி.

வெட்கப்பட்டு அந்த வகுப்புப் பக்கமே போகாதவர் இராஜதுரை. மறுவாரமே அவள் அவரைத் தேடி வந்தாள். ரூ காய் தெருவுக்குப் பக்கத்துச் சலவைக்கடையில், மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஞாயிறு தோறும் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் ‘அ’னா எழுதவில்லை. அவருடைய பெயரை எழுதிக் காட்டினாள்.

“இது எங்கை கிடந்தாலும் கண்டுபிடிக்க வேணும், அண்ணை.”

அப்படிப்பட்ட பிள்ளையை வெளியே தள்ளியவன் எவன்? அவன் முகத்தைப் பார்க்காமல் இன்று வீட்டுக்குப் போவதில்லை.

தலைவர் சிரித்தார். “அண்ணையிட்டைக் கொப்பியைக் குடுங்கோ. வாசிச்சுச் சொல்லுவார்.”

மண்டபமே சிரித்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கூட்டக் குறிப்புக் கொப்பியை இராஜதுரை பிடுங்கினார். போன வருடத்துப் பக்கத்தைத் தேடி, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக உரக்க வாசித்தார். சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது.

‘கோசலையை நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர்:’

அடுத்த சொல்லுக்கு விரல் தேவைப்படவில்லை. அவர் முதன்முதலில் பழகிய சொல் அது.

அதன் கீழே, படம் கீறியதுபோல, அவருடைய கையெழுத்து. வரவுப் பதிவுக்கு என்று சொல்லி வாங்கியது.

பக்கத்தைக் கிழித்துத் தலைவரின் முகத்தில் எறியப் பிடித்தவர், கடைசி வரியில் நின்றுபோனார்.

‘பிரதி கோசலையின் கையில் அன்றே கொடுக்கப்பட்டது.’