ஓரமா போங்க

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" வேலை கேட்டுப் போனபோது பார்சல் கம்பெனி மேனேஜர் என்னிடம் கேட்டார். ஆனாலும் என் குரலைத்தான் எடுத்துக்கொண்டார். மின்சாரத்துக்கு மாறிய அவர்களுடைய வேன்கள் சத்தமில்லாமல் வந்து ஆட்களை இடித்தன. இப்போது எல்லா வேன்களிலிருந்தும் "ஓரமா போங்க" என்று நான்தான் சொல்கிறேன்.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்லசிவத்தை எனக்குப் பிடித்துவிட்டது.

"பொண்ணுக்குப் பேச்சு வரும்ல?" என்று சிரித்தார் அவருடைய அத்தை.

"காபி எடுத்துக்கோங்க," என்றேன்.

எல்லோரும் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். அப்பாவும்தான்.

"ஐயோ, உக்காருங்க!"

இன்னும் ஒடுங்கினார்கள். நல்லசிவம் வாசல் பக்கமாக நகர்ந்தார்.

"போகாதீங்க. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு," என்றேன்.

அவர் பயந்து, சுவரை உரசியபடியே வெளியேறி, தெருவோரமாகவே நடந்து போய்விட்டார்.