லிஃப்ட் விட்ட ஏலம்

பதினோராவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே பெனிட்டா மட்டும், பிரசவ வலியோடு.

"கதவைத் திற!"

"பழுது பார்க்க ஏலம் விட்டிருக்கிறேன், மேடம்," என்றது லிஃப்ட். "ஆறு கம்பெனிகள் விலையைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. முடிய நாற்பது நிமிடம் ஆகும்."

"அதுக்குள்ள பெத்துடுவேன், பாவி!"

"குறைந்த விலை கேட்பவருக்குத்தான் வேலை. கட்டட விதி."

பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். திடீரென்று மணி அடித்தது.

"ஏலம் முடிந்தது. இதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது."

"எவ்வளவு?"

"பூஜ்ஜியம் ரூபாய்."

கூரையில் தொம்மென்று சத்தம். மூடி விலகி, கிரீஸ் அப்பிய முகம் எட்டிப் பார்த்தது. லிஃப்ட் மெக்கானிக் இருதயராஜ். அவள் கணவன்.

"பிழைக்கத் தெரியாதவன்னு காலையில திட்டினியே?"

"இப்பவும் அதேதான் சொல்றேன்!" அழுதுகொண்டே சிரித்தாள் பெனிட்டா. "சீக்கிரம் இறங்கிக் கதவைத் திறங்க!"